நடுவில் நூல் இருக்கட்டும்

பணிநிமித்தம் தாயகத்தை விட்டுப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பத்து ஓரிடத்தில் சேர்ந்தால், அங்கே பொங்கல் விழாவும் சங்கமும் தோன்றிவிடும். சங்கம் சற்று வேரூன்றிய பின்னர், நூல்களைப் படித்துப் பேசவும் திரைப்படங்களைப் பார்த்துப் பேசவும் ஒரு சிறு வட்டம் அமைக்கலாமே என்னும் எண்ணமும் எழும். குடியிருப்பில் பொதுக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை இருக்கிறது. படிப்பில் ஆர்வமுள்ள நாலு பேரும் இருக்கிறார்கள். ஆகவே தொடக்கம் எளிதாகவே நடந்தேறுகிறது. ஆயின், ஆண்டொன்று கழிவதற்குள் அவ்வட்டம் பெரும்பாலும் பாராட்டுக் கூட்டமாக மாறிவிடுகிறது. அல்லது ஒருவரே பேசப் பிறர் கேட்டிருக்கும் சொற்பொழிவு மேடையாகிவிடுகிறது. அல்லது சுண்டலும் காப்பியுமாகச் சுருங்கிக் கலைந்துவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதற்கு மாற்று யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊரும் நம் கூடமும்

சூளூர்பேட்டையை முற்றிலும் அயலூர் என்று தமிழர் சொல்லிவிட முடியாது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். புறநகர் ரயிலிலேயே வந்து இறங்கிவிடலாம். 1953ஆம் ஆண்டில் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரியும்வரை இப்பகுதி சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. பின்னர் நெல்லூர் மாவட்டத்தில் நீண்டகாலம் இருந்து, 2022இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ரோகிணி ஏவூர்தி விண்ணில் ஏறியது. அன்றுதொட்டுப் பல மொழியினரும் இங்கே குடியேறினர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் பல.

இக்குடும்பங்களின் பிள்ளைகளைக் கவனியுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் தெலுங்கு பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொன்னால் பலர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கும் தமிழுக்கும் இடையே இன்று உறுதியாக நிற்கும் பாலம் திரைப்படமே. ஆதலால் நூலைப் பேசும் வட்டம் ஒருபுறம், படத்தைப் பேசும் வட்டம் மறுபுறம் என்று பிரித்து, முன்னது உயர்ந்தோர்க்கு, பின்னது பொழுதுபோக்குக்கு என்று கொள்வது நம் போன்ற ஊர்களுக்கு ஏலாது. படம் பிள்ளையைக் கூடத்துக்குள் அழைத்து வரவேண்டும். வந்த பிள்ளையின் கையில் நூலைக் கொடுக்கவேண்டும். இரண்டும் ஒரே கூடத்தில் நிகழவேண்டிய செயல்கள்.

பெரிய திரைக்கு நமக்குக் குறைவில்லை. 106 அடி அகலத் திரையுடன் ஒரு திரையரங்கு 2019ஆம் ஆண்டில் சூளூர்பேட்டையிலேயே திறக்கப்பட்டது. கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் புதுப்படங்கள் வந்து குவிகின்றன. பார்த்ததைப் பற்றி நேர்மையாகப் பேச ஓர் அவைதான் நமக்கு இல்லை. வள்ளுவப் பெருந்தகை கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்தார். அவை இன்னதென்று அறிவதும், அறிந்தபின் அஞ்சாதிருப்பதும் வெவ்வேறு பயிற்சிகள் என்பது அவர் கருத்துப் போலும். குடியிருப்பில் வாழும் நாம் முதற்பயிற்சியில் தேர்ந்தவர்கள், இரண்டாவதில் பின்தங்கியவர்கள்.

அண்டை வீட்டாரின் தயக்கம்

காரணம் வெளிப்படையானது. நகரத்து இலக்கியக் கூட்டத்தில் இருவர் கருத்து வேறுபட்டால், கூட்டம் முடிந்ததும் அவரவர் வழியே போய்விடுவர். குடியிருப்பில் அவ்வாறு இயலாது. மாலையில் மறுத்துப் பேசியவரை மறுநாள் காலையில் பால் வாங்கும் இடத்தில் காணவேண்டும். அலுவலகத்தில் அவர் நம் கோப்பில் கையொப்பமிடும் அதிகாரியாகவும் இருக்கலாம். பொதுக்கூடத்து நாற்காலிகளில் நாம் அமர்வதற்கு முன்னரே நம் பதவிகள் போய் அமர்ந்துகொள்கின்றன. மூத்த அதிகாரி ஒரு நாவலைச் சிறந்தது என்று தொடங்கிவைத்தால், பின்னால் பேசும் எழுத்தர் அதற்கு அடிக்குறிப்பு எழுதுவாரேயன்றி மறுப்பு எழுதமாட்டார். இல்லத்தரசியர் பலர் ஆண்களைவிட மிகுதியாகப் படித்திருந்தும், தம் கணவரின் பதவிக்கு ஏற்ற அளவிலேயே வாய் திறக்கின்றனர். இதனை மரியாதை என்கிறோம். வாழ்க்கைக்கு மரியாதை வேண்டியதே. ஆனால் திறனாய்வு அதனால் மட்டும் நடைபெறாது.

இத்தனைக்கும் ஆய்ந்து குறை காண்பதில் நம் ஊருக்கு நிகர் மிகச் சில ஊர்களே. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி சில நிமிடங்களில் நிலைகுலைந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்த ஒரு வால்வில் ஏற்பட்ட கசிவே காரணம் என்பது ஆய்வில் தெரியவந்தது. அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18இல், அதே வகை ஏவூர்தி ரோகிணித் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ‘யார் மனம் புண்படும்?’ என்று அஞ்சி அன்று அந்த வால்வைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால் இரண்டாவது வெற்றி ஏது? கருவியின் குறையைச் சொன்னால், செய்தவரை இழிவு செய்ததாகாது என்னும் தெளிவு அங்கே இருந்தது. அத்தெளிவு ஏரியைக் கடந்து நம் பொதுக்கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு நாவலின் குறையைச் சொன்னால், அதைப் பரிந்துரைத்த நண்பரைச் சொன்னதாகக் கொள்கிறோம்.

முன்னோர் அமைத்த வட்டம்

தமிழில் குடியிருப்போர் கூடி நூலைச் சுவைத்த அமைப்புக்கு நல்ல முன்மாதிரி, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி. வட்ட வடிவில் அமைந்த முற்றத்துக் கூடத்தில் அன்பர்கள் சுற்றி அமர்வர். கம்பனின் பாடல் ஒன்று நடுவில் வைக்கப்படும். ரசிகமணி அதனை ஓசை நயத்தோடு ஒருமுறை, மறுமுறை, பின்னும் ஒருமுறை சொல்லிக் காட்டுவார். வழக்கறிஞரும் வணிகரும் அரசுப் பணியாளரும் அங்கே அமர்ந்து கேட்டனர். புலமை இல்லாதவரும் பாட்டைக் கேட்டுச் சுவைக்கலாம் என்று அவ்வட்டம் நிறுவிக் காட்டியது. பாட்டு முதலில் செவிக்குள் வரவேண்டும், கருத்துரை பின்னர் வரட்டும் என்னும் அவ்வொழுங்கு நமக்குப் பெரிய பாடம்.

ஆயினும் வட்டத்தொட்டியைப் போற்றுவதோடு நில்லாமல், அதன் எல்லையையும் காணவேண்டும். அவ்வட்டம் ஒருவருடைய சுவையைச் சுற்றியே சுழன்றது. ரசிகமணிக்கு உவப்பான பாடல் கம்பன் பாடல். உவப்பில்லாதது பிறர் இடைச்செருகியது என்று தள்ளும் அளவுக்கு அவர் சென்றார். பாடல்களைத் திருத்தியும் வெளியிட்டார். இதனைப் புலவர் பலர் வன்மையாகக் கண்டித்தனர். எவ்வளவு நுண்ணிய சுவையுடையவராயினும், மறுத்துரைப்பார் இல்லாத அவையில் ஒருவருடைய சுவை சட்டமாகிவிடும் என்பதற்கு இது சான்று. நம் காலத்துக் குடியிருப்பு வட்டங்கள் வட்டத்தொட்டியின் குறையைக் கைக்கொண்டு, அதன் நிறையான ‘நூலை முதலில் கேட்டல்’ என்பதைக் கைவிட்டன என்றே சொல்லத் தோன்றுகிறது.

மற்றொரு முன்மாதிரி, 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை. மாதந்தோறும் இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளைப் படித்து, அவற்றுள் சிறந்தது இதுவென ஒன்றைத் தேர்ந்து, கூட்டத்தில் அதற்குக் காரணம் சொல்வது அதன் வழக்கம். பன்னிரண்டு மாதக் கதைகளுள் ஒன்று ஆண்டின் சிறந்த கதையாகத் தேர்ந்தெடுக்கப்படும். கதைகள் தொகுதியாகவும் வெளிவரும். இந்த ஏற்பாட்டின் சிறப்பு, ‘எல்லாமே நன்று’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் செய்ததே ஆகும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றை விடவேண்டும். விட்டதற்குக் காரணம் வேண்டும். பாராட்டுரையிலிருந்து திறனாய்வு பிரியும் இடம் அதுவே.

திரையைப் பேசியவர்கள்

திரைப்படத் துறையிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தாவில் திரைப்படக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். உலகப் படங்களைத் தருவித்துப் பார்த்து விவாதித்தனர். 1955இல் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். 1959இல் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சென்னையிலும் 1957இல் ஒரு திரைப்படக் கழகம் அமைந்தது. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் ‘சித்ரலேகா’வைத் தொடங்கினர், 1972இல் ‘சுயம்வரம்’ வந்தது. பேசுவதால் என்ன விளையும் என்று ஏளனம் செய்வோர்க்கு இவ்வாண்டுகளே விடை. ஒரு தலைமுறை கூடிப் பேசிய பின்னரே அடுத்த படம் வேறுவிதமாக எடுக்கப்பட்டது.

நம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருக்கமான ஒருவரைச் சொல்லவேண்டும். திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன் கும்பகோணத்தை அடுத்த உடையாளூர்க்காரர். 1950ஆம் ஆண்டில், பதின்பருவத்திலேயே, ஒரிசாவில் ஹிராகுட் அணைக்கட்டு அலுவலகப் பணிக்குச் சென்றார்; பின்னர் டெல்லியில் மைய அரசுப் பணியில் இருந்தார். அணை கட்டும் இடத்தில் தோன்றிய தற்காலிகக் குடியிருப்பு. வங்காளியும் ஒரியரும் பஞ்சாபியும் மலையாளியும் தமிழரும் ஒரே வரிசை வீடுகளில் தங்கிய இடம். அங்கே கிடைத்த நட்பும் நூல்களும் படங்களும் தம்மை உருவாக்கியதை அவர் ‘நினைவுகளின் தடத்தில்’ என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் எழுதத் தொடங்கி, எவருடைய புகழுக்கும் அஞ்சாத திறனாய்வாளர் எனப் பெயர் பெற்றார். 1977இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர் வசைபாடுகிறார் என்று வருந்தியோரும் உண்டு. ஆயின், பல மொழியினர் வாழும் பணிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து, பல்கலைக்கழகக் கல்வியின் துணையின்றி, தமிழின் குறிப்பிடத்தக்க திறனாய்வாளர் ஒருவர் உருவாக முடிந்தது என்பது மறுக்கவியலாத வரலாறு. ‘நாம் சாதாரண அரசு ஊழியர்கள், நமக்கு ஏன் விமரிசனம்?’ என்று நம்மவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹிராகுட் நினைவுக்கு வருகிறது.

ஒரு நூல், இரண்டு படங்கள்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நம் வட்டங்களின் குறையையே நானும் செய்தவனாவேன். ஆகவே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்த நாவல். அதனைத் தழுவி வெற்றிமாறன் 2019இல் ‘அசுரன்’ படத்தை இயக்கினார். அப்படம் தெலுங்கில் ‘நாரப்பா’ என்ற பெயரில் வெங்கடேஷ் நடிக்க 2021இல் இணைய வழியே வெளியாயிற்று. நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 2019இல் வந்துள்ளது. தமிழ் படிக்கும் பெற்றோர், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள், தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் ஆகிய மூவரும் ஒரே கதையை மூன்று வழியாக அணுகலாம். சூளூர்பேட்டைக்கென்றே அமைந்ததுபோன்ற வாய்ப்பு இது.

நம் வட்டங்களில் இத்தகைய படத்தைப் பற்றிய பேச்சு வழக்கமாக எப்படி நடக்கும் என்று நாம் அறிவோம். தனுஷின் நடிப்பு அருமை, மஞ்சு வாரியர் தமிழை நன்றாகவே பேசினார், சண்டைக் காட்சிகளில் சற்று இரத்தம் அதிகம், நாவல் படத்தைவிட நன்றாக இருக்கும் என்று கேள்வி, நன்றி, வணக்கம். இவற்றுள் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் நூலும் படமும் எழுப்பும் கேள்வி ஒன்றுகூட இதற்குள் வரவில்லை.

நூலை நடுவில் வைத்துப் பார்ப்போம். ‘வெக்கை’யில் கொலை தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்வித்த வடக்கூரானின் கையை வெட்ட எண்ணுகிறான், ஆள் இறந்துவிடுகிறான். அதன்பின் எட்டு நாட்கள் தந்தையும் மகனும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிகிறார்கள். நாவலின் பெரும்பகுதி பசி, உணவு, உறக்கம், நிழல், நீர், பேச்சு இவைதாம். கிடைத்ததைச் சுட்டும் சமைத்தும் உண்கிறார்கள். ஊரையும் உறவையும் பழைய நிகழ்ச்சிகளையும் பேசிக்கொள்கிறார்கள். கரிசல் நிலத்துச் செடியும் கொடியும் பெயரோடு வருகின்றன. வன்முறை ஒரு நொடி. அதன் விளைவு எட்டு நாள். அந்த எட்டு நாளும் அன்றாட வாழ்க்கையைப் போலவே நகர்கிறது. இந்த அளவுகளில்தான் பூமணியின் பார்வை இருக்கிறது. கொலை செய்த சிறுவனை அவர் வீரனாகவும் ஆக்கவில்லை, குற்றவாளியாகவும் ஆக்கவில்லை. ஒரு வீட்டின் பிள்ளையாகவே வைத்திருக்கிறார்.

‘அசுரன்’ இந்த அளவுகளை மாற்றுகிறது. கதையின் நடுப்புள்ளி மகனிடமிருந்து தந்தை சிவசாமிக்குப் பெயர்கிறது. அடங்கி ஒடுங்கி நிற்கும் தந்தை, ஒரு தருணத்தில் ஆயுதம் ஏந்தி எழும்போது திரையரங்கு ஆர்ப்பரிக்கிறது. நாவலில் எந்த இடத்திலும் அவ்வாறு கைதட்டத் தோன்றாது. நட்சத்திர நடிகர் ஒருவரைத் தாங்கும் கதைக்கு இது தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் வன்முறையின் சுமையைக் காட்டிய நூல், வன்முறையின் எழுச்சியைக் காட்டும் படமாகிறது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

படத்தின் பக்கத்தில் நிறுத்தவேண்டிய எடையும் உண்டு. பூமணி நாவலில் எந்தச் சாதியின் பெயரையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. படம் அந்த மௌனத்தைக் கலைக்கிறது. பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. செருப்பு அணிந்த காரணத்துக்காக ஓர் இளம்பெண் இழிவுபடுத்தப்படுவதைக் காட்டுகிறது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அளித்த அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சென்னை மாகாண அரசு 1892இல் ஆணையிட்டது. அந்நிலங்களில் பல பின்னர் பிறர் கைக்குச் சென்றன. இவ்வரலாற்றை ஒரு வணிகப்படம் இலட்சக்கணக்கானோர் காதில் போட்டது என்பது சிறிய செயல் அன்று. அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூரும் அடங்கியிருந்தது என்பதை நினைத்தால், இது நம் தெலுங்கு அண்டை வீட்டாரின் கதையும் ஆகிறது. ‘நாரப்பா’ நிலக்காட்சியை அனந்தபுரம் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. தமிழ்ப் படத்தின் எந்தச் சொல் தெலுங்கில் மாறியது, எந்தக் காட்சி அப்படியே நின்றது என்று இருமொழியினரும் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டால், ஒருமாலைப் பொழுது போதாது.

இறுதியில் சிவசாமி மகனுக்குச் சொல்லும் அறிவுரை, கல்வியை எவரும் பறிக்க முடியாது என்னும் பொருள்பட்டது. நம்மில் பலர் கண்கலங்கும் இடம் அது. காரணம், நாமும் படிப்பைப் பிடித்துக்கொண்டே இவ்வூருக்கு வந்து சேர்ந்தவர்கள். அங்கேதான் திறனாய்வு நம் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். கல்வியும் வேலையும் நம்மை ஒரே வரிசை வீடுகளில் குடிவைத்தன; ஆனால் புதிதாகக் குடிவந்தவரிடம், ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?’ என்று சுற்றிவளைத்துக் கேட்கும் பழக்கத்தை அவை போக்கினவா? படத்தில் சிதம்பரம் படித்து முன்னேறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. படித்து முன்னேறிய சிதம்பரம் நம் குடியிருப்பில் குடியேறினால் அவனை எப்படி வரவேற்போம்?

இக்கேள்வியை ஒருவரை ஒருவர் முகம் பார்த்து நேரடியாகக் கேட்டால் அது சண்டையாகும். நூலின் வழியாகக் கேட்டால் அது சிந்தனையாகும். அண்டை வீட்டாரைப் பற்றி நாம் பேச முடியாது. சிவசாமியைப் பற்றிப் பேசலாம். தன் மாமியாரைப் பற்றிப் பேச முடியாத பெண், ஒரு சிறுகதையின் மாமியாரைப் பற்றிப் பேசலாம். குடியிருப்பு வட்டத்தின் பயன் இதுவே என்பது என் துணிபு. அன்றாடம் முகம் பார்த்து வாழவேண்டிய மனிதர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ள இயலாததை, நடுவில் உள்ள ஒரு நூலை நோக்கிப் பேசிக்கொள்ள அது இடம் தருகிறது. அந்நூல் நடுவிலிருந்து அகன்ற கணமே, எஞ்சுவன பதவிகளும் உபசாரங்களுமே.

கோப்பு கற்பிக்கும் ஒழுங்கு

இதனை நடைமுறையில் எவ்வாறு கொண்டுவருவது? எழுத்தர் பணியில் இருப்போர்க்கு ஒரு வழி தெரியும். அரசுக் கோப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் வந்த கடிதங்கள் இருக்கும். மற்றொன்று ‘நோட் ஷீட்’. கீழ்நிலை எழுத்தர் முதலில் குறிப்பு எழுதுவார். மேலதிகாரிகள் ஒவ்வொருவராகப் பின்னர் எழுதுவர். எழுதும் ஒவ்வொரு கருத்துக்கும், கடிதப் பகுதியில் இன்ன பக்கம் என்று ஓரத்தில் எண் காட்டவேண்டும். பக்க எண் இல்லாத குறிப்பு, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், விளக்கம் கேட்டுத் திரும்பி வந்துவிடும். இந்த வறண்ட ஒழுங்கில் திறனாய்வுக்குரிய இரண்டு விதிகள் அடங்கியுள்ளன.

முதல் விதி, பக்க எண். ‘இந்நாவல் உள்ளத்தை உருக்குகிறது’ என்று ஒருவர் சொன்னால், ‘எந்தப் பக்கம்?’ என்று அன்போடு கேட்கவேண்டும். அவர் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டட்டும். வாசிக்கும்போதே அவர் கருத்து வலுப்பெறும், அல்லது மாறும். திரைப்படமாயின் அக்காட்சியை மீண்டும் ஒருமுறை போட்டுக் காட்டலாம். முதல்முறை கதையைப் பார்த்தவர்கள், இரண்டாம் முறை ஒளியையும் ஒலியையும், யார் சட்டகத்தின் நடுவில் இருக்கிறார், யார் ஓரத்தில் தள்ளப்பட்டிருக்கிறார் என்பதையும் பார்ப்பார்கள்.

இரண்டாம் விதி, பேசும் வரிசை. கோப்பில் இளையவரே முதலில் எழுதுகிறார். மேலதிகாரி முதலில் எழுதிவிட்டால் கீழிருந்து புதிய கருத்து வராது என்பதை அரசாங்கமே உணர்ந்திருக்கிறது. நம் கூடத்திலும் மாணவர்கள் முதலில் பேசட்டும்; அடுத்து இல்லத்தரசியர்; பின்னர் இளைய ஊழியர்; மூத்தவர்கள் கடைசியில். தலைமையுரை என்ற ஒன்று வேண்டாம். வட்டமாக அமர்ந்தால் தலைமை இருக்கை எங்கே என்று தேடவேண்டியதும் இல்லை. மூத்தோருக்கு இது அவமதிப்பு அன்று. முடிவுரை அவர்களுடையதாகவே இருக்கும். அவர்கள் சொல்லும் முடிவுக்கு, முன்னால் பேசிய பதினைந்து பேரின் குறிப்புகள் துணைநிற்கும்.

இவற்றோடு ஒரு பதிவேடும் வைக்கலாம். ‘கூட்டம் இனிது நிறைவுற்றது’ என்று எழுதும் பதிவேடு அன்று. யார் எதனை ஏற்றார், யார் எதனை மறுத்தார், எந்தக் கேள்வி விடையின்றி நின்றது என்று எழுதும் பதிவேடு. அடுத்த மாதம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து அப்பதிவேட்டைப் புரட்டுவோர்க்கு, ஒரு குடியிருப்பு தன் காலத்தை எப்படிச் சிந்தித்தது என்பது விளங்கும். இடமாற்ற ஆணை வந்து குடும்பங்கள் பெயர்ந்துகொண்டே இருக்கும் நம் போன்றோர்க்கு, வட்டத்தின் நினைவாற்றல் ஒருவருடைய தலையில் இல்லாமல் ஏட்டில் இருப்பதே பாதுகாப்பு.

இரு மறுப்புகள்

‘நாள் முழுதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வருகிறோம், ஞாயிறன்றும் வாதம் எதற்கு? மகிழ்ச்சியாகப் பார்த்துவிட்டுப் போவோமே’ என்பார் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எல்லாப் படங்களையும் ஆராயவேண்டியதில்லை. சிரித்துவிட்டு மறக்கவேண்டிய படங்களை அவ்வாறே மறக்கலாம். மாதத்தில் ஒரு மாலை மட்டும், சிரித்து மறக்க முடியாத ஒன்றுக்கு ஒதுக்கினால் போதும்.

‘பிள்ளைகளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது, நாவலை எப்படிப் பேசுவார்கள்?’ என்பது இரண்டாம் மறுப்பு, இதுவே கடினமானது. இதற்கு வட்டத்தொட்டி விடை சொல்லிவிட்டது. படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். முழு நாவலை வீட்டில் படித்து வரச் சொல்லாமல், எட்டுப் பத்துப் பக்கச் சிறுகதை ஒன்றைக் கூட்டத்திலேயே உரக்க வாசிக்கச் செய்யலாம். பெரியவர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பத்தி என்று மாறி மாறி வாசிக்கலாம். எழுத்தில் தடுமாறும் பிள்ளை, கதையின் முடிவை அறியும் ஆவலில் அடுத்த வரிக்குத் தானே போகும். மொழிப்பாட நூல் தராத தூண்டுதலைக் கதை தரும்.

சங்கங்கள் விழா எடுப்பதற்கு மட்டும் உரியவை அல்ல. மதுரைச் சங்கம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மரபின் உயிரே, நூல் அரங்கேறும்போது அவையோர் கேட்கும் கேள்வியில் இருந்தது. இறைவனே எழுதினாலும் குற்றம் குற்றமே என்று சொன்ன புலவரைக் கதையாகவேனும் போற்றி வரும் இனம் நாம். அந்த அஞ்சாமையைப் பொங்கல் விழா நாடகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, மறுநாள் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டிருந்தால் மரபு எங்கே வாழும்?

இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்கள், தத்தம் குடியிருப்பில் அடுத்த மாதம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பரையும் அழையுங்கள். ஒரு சிறுகதையைத் தேர்ந்து, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த இளையவரிடம் முதற்பத்தியைக் கொடுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எவரும் சிரிக்காமல் காத்திருங்கள். வாசித்து முடித்ததும், அவருக்குப் பிடிக்காத வரி எது என்று கேளுங்கள். பிடித்த வரியைக் கேட்டால் நமக்குப் பிடித்ததையே மரியாதைக்காகச் சொல்லிவிடுவார். பிடிக்காததைக் கேட்டால் சிந்திக்கவேண்டியிருக்கும். அவர் சொல்லும் விடைக்குப் பக்க எண் இருந்தால், அதை எதிர்த்துப் பேச மூத்தவர் ஒருவர் முன்வந்தால், அவ்வட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.